உவமையா, உண்மையா?



நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் அணி இலக்கணத்தை, இயேசு சபைக் குருவான வீரமாமுனிவரும் 1730இல் தொன்னூல் விளக்கத்தில் எழுதினார். மறைநூல் வாசிக்க அது நமக்குத் தேவை. ஆண்டவர் விண்ணரசைக் கடுகு விதைக்கு ஒப்பிட்டார், அது உவமை. தம்மையே வாயில் என்றார், அது உருவகம். மரக்கதவு என்று நாம் எண்ணுவதில்லை.

"அப்படியானால் சாமி, அப்பத்தைத் தம் உடல் என்றாரே, அதுவும் உருவகமா?" என்று மறைக்கல்விப் பிள்ளைகள் கேட்கலாம்.

இல்லை. யோவான் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தம் சதையை உண்ணச் சொன்னதைக் கேட்டுச் சீடர் பலர் விலகிப் போனார்கள். 'உவமையாகத்தான் சொன்னேன்' என்று ஆண்டவர் அவர்களைத் திருப்பி அழைக்கவில்லை. பன்னிருவரும் போக விரும்புகிறார்களா என்றே கேட்டார்.

நற்கருணை வாங்கும்போது நாம் சொல்லும் 'ஆமென்', அந்தக் கேள்விக்கு நம் பதிலாகட்டும்.