மூன்று துறைக்கும் ஒரே மணல்



மருத்துவம், நிலவியல், தூய ஆற்றல் என்று மூன்று துறையினரை ஒரே பந்தலுக்குள் கூட்டியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட மாநாட்டில் தலைமை தாங்குகிறவர் துறைக்கொரு வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. மூன்று துறைக்கும் மூன்று அரங்கு. தேநீர் வேளையில் மட்டும்தான் நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளப் போகிறோம். ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன். நாகர்கோவிலிலிருந்து மேற்கே போனால் மணவாளக்குறிச்சிக் கரிமணல். கிழக்கே போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய், அதன் வாயில் முப்பந்தல் காற்றாலைகள். வடமேற்கே திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம். அதற்கும் அப்பால், இதே மணல் கிடக்கும் கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளி. இந்த வட்டாரத்தில் மூன்று துறைகளும் ஒரே மணலைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கின்றன. ஒருவர் கண்டதை மற்றவர் கேட்டுக்கொள்வதில்லை என்பதே என் குறை.

நான் கல்லோடும் மண்ணோடும் பிழைத்தவன், அங்கிருந்தே தொடங்குகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி சார்னோகைட், கோண்டலைட் என்னும் பழம்பாறைகளால் ஆனது. கோண்டுவானாப் பெருநிலம் ஒட்டிச் சேர்ந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்தன. அந்த வேக்காட்டில் விளைந்த படிகங்களில் ஒன்று மோனசைட். பிறகு மலை தேய்ந்தது. வள்ளியாறு போன்ற சிற்றாறுகள் தேய்ந்ததைக் கடலில் சேர்த்தன. தென்மேற்குப் பருவக்காற்றின்போது வருகிற அலை, முறத்தில் புடைப்பதுபோல, லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு எடை மிகுந்த மணிகளைக் கரையில் விட்டுப்போகிறது. அதில் ஒரு கை அள்ளி உருப்பெருக்கியில் பாருங்கள்: கறுப்பாக இல்மனைட், சிவப்பாகக் கார்னெட், நிறமற்றுப் பளபளக்கும் சிர்க்கான், இடையிடையே தேன் நிறத்தில் உருண்டையான சிறு மணிகள். அந்தத் தேன் நிற மணிகளால்தான் இவ்வளவு வழக்கும்.

மோனசைட் என்பது அருமண் தனிமங்களின் பாஸ்பேட். நம் கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ 55 முதல் 60 விழுக்காடு அருமண் ஆக்சைடுகள். 8 முதல் 10 விழுக்காடு தோரியம் ஆக்சைடு. இந்தத் தோரியத்தின் அரை ஆயுள் 1,405 கோடி ஆண்டுகள். படிகத்துக்குள் அது மெல்ல மெல்லச் சிதைந்து கடைசியில் காரீயமாகிறது. எவ்வளவு காரீயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் பாறை எப்போது வெந்தது என்று சொல்லிவிடலாம். சற்றுமுன் நான் சொன்ன 55 கோடி ஆண்டுக் கணக்கும் இப்படி வந்ததுதான்.

இந்த மணலின் வணிகக் கதை 1909இல் தொடங்குகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சோதித்தார், மோனசைட் இருந்தது. அவர் தேடி வந்த இடம் மணவாளக்குறிச்சி. அவருக்கு வேண்டியிருந்தது தோரியம் மட்டும், அதுவும் விளக்குக்கு. கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் பெட்ரோமாக்ஸ் ஏற்றிய தலைமுறை இங்கே சிலர் இருக்கிறீர்கள். அதில் கட்டிய மேண்டில் வலையை எரித்தால் வெள்ளைச் சாம்பலாக நின்று ஒளிவிடுமே, அந்தச் சாம்பலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. இந்த விகிதத்தை 1891இல் நிலைநிறுத்தியவர் வியன்னாவின் ஆவர் வான் வெல்ஸ்பாக். அதற்கு முன்பே, 1885இல், அதுவரை ஒரே தனிமம் என்று எல்லோரும் நம்பியிருந்த ஒன்றைப் பிரசியோடிமியம், நியோடிமியம் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியவரும் அவரே. நியோடிமியத்தை வைத்து என்ன செய்வதென்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. வேதியியல் பாடநூலில் ஒரு வரியாக அது கிடந்தது.

மின்விளக்கு வந்ததும் மேண்டில் சந்தை படுத்தது. வெள்ளை வண்ணப்பூச்சுக்காக இல்மனைட்டுக்கு மவுசு வந்தது. அணுகுண்டுக்குப் பிறகு மோனசைட் திரும்பவும் அரசாங்கப் பொருளானது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் அமைந்தது. 1952இல் ஆலுவாயில் அதன் ஆலை ஓடத் தொடங்கியது. 1983இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தத்தை அறிவித்தார்கள். பாடநூல் வரியாகக் கிடந்த நியோடிமியம் இன்று மின்வாகன மோட்டாரிலும் காற்றாலையிலும் உட்கார்ந்திருக்கிறது. முப்பந்தலில் சுழலும் பழைய இயந்திரங்களில் பெரும்பாலானவை பல்சக்கரப் பெட்டியும் தூண்டல் மின்னாக்கியும் கொண்டவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றில் இந்தக் காந்தம் கிடையாது. மேடைப் பேச்சாளர்கள் முப்பந்தலைக் காட்டி மணலின் பெருமை பேசும்போது இதை மறந்துவிடுகிறார்கள். காந்தம் வேண்டியிருப்பது பல்சக்கரம் இல்லாமல் நேரடியாகச் சுழலும் புதுவகைக் காற்றாலைகளுக்கு.

அந்தப் புதுவகையைப் பற்றிப் பொறியாளர்களோடு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நேரடிச் சுழற்சிக் காற்றாலைக்கு ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ காந்தம் என்பது துறையில் எடுத்துக்கொள்ளும் அளவு. அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு நியோடிமியமும் பிரசியோடிமியமும். நம் மோனசைட்டிலுள்ள அருமண்ணில் இவ்விரண்டும் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் 3 மெகாவாட் காற்றாலை ஒன்றுக்கு நாலரை டன்னுக்கும் மேலான மோனசைட் வேண்டும். அதோடு 400 கிலோவுக்கு மேல் தோரியம் ஆக்சைடும் வெளியே வந்து நிற்கும். வழியில் வீணாவதை நான் சேர்க்கவே இல்லை. காந்தம் வேண்டும், தோரியம் வேண்டாம் என்று மோனசைட்டிடம் பேரம் பேச முடியாது. 2025 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திட்டத்துக்கு 7,280 கோடி ரூபாய் ஒதுக்கியபோது நாளிதழ்கள் எல்லாம் காந்தத்தைப் பற்றி எழுதின. கூடவே வரும் தோரியத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் புக்கிட் மேரா அருமண் ஆலை, கழிவுத் தோரியம் பற்றிய மக்கள் போராட்டத்துக்கும் வழக்குக்கும் பிறகு 1994இல் மூடப்பட்டதை நம் பொறியாளர்கள் படித்திருப்பார்கள்.

நம் நாட்டில் தோரியத்தைக் கழிவு என்று சொல்லும் வழக்கமில்லை. வருங்கால எரிபொருள் என்று சேமித்து வைக்கிறோம். ஹோமி பாபாவின் மூன்று கட்ட அணுமின் திட்டம் அதை நம்பித்தான் வகுக்கப்பட்டது. தோரியம் தானாகப் பிளந்து தொடர்வினை நடத்தாது. நியூட்ரானை உண்டு யுரேனியம்-233 ஆன பிறகே உதவும். கல்பாக்கத்தில் 1996 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய காமினி உலை யுரேனியம்-233இல் ஓடுவது. அதன் திறன் 30 கிலோவாட். மின்சாரம் எடுக்க அன்று, நியூட்ரான் கதிர்ப்படம் எடுக்க. அந்த அளவிலிருந்து ஊருக்கு விளக்கெரிக்கும் அளவுக்கு ஏன் இன்னும் போகவில்லை என்று மாணவர்கள் கேட்கிறார்கள். காரணங்களில் ஒன்று தாலியம்-208 என்னும் சிறு அணு. இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் அதைப் பற்றியதே.

யுரேனியம்-233 உண்டாகும்போது கூடவே கொஞ்சம் யுரேனியம்-232உம் உண்டாகிவிடும். அது சிதைந்து சிதைந்து வருகிற வழியில் தாலியம்-208 பிறக்கிறது. மூன்று நிமிட அரை ஆயுள் கொண்ட அந்த அணு போகிற போக்கில் 26 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேலான காமா கதிரை வீசிவிட்டுக் காரீயமாகிறது. இயற்கையில் நாம் பார்க்கிற காமா கதிர்களில் மிக வலியவற்றுள் ஒன்று அது. இதனால் இந்த எரிபொருளைக் கையுறைப் பெட்டியில் வைத்து வேலை செய்ய முடியாது; கனத்த சுவருக்கு வெளியே நின்று எந்திரக் கையால் செய்ய வேண்டும். செலவு ஏறுகிறது. பொறியாளர் தாலியத்தைச் சபிக்கிறார்.

அதே தாலியத்தை நிலவியலாளர்களாகிய நாங்கள் வணங்குகிறோம். கடற்கரையில் தோரியம் எங்கே இருக்கிறதென்று காமா நிறமாலைமானியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும்போது நாங்கள் தேடுவது தோரியத்தின் கதிரை அன்று. அதன் வழித்தோன்றலான தாலியம்-208 வீசும் அதே 26 லட்சத்துச் சொச்சம் கதிரைத்தான். எங்கள் வரைபடங்களில் தோரியம் என்று வண்ணம் தீட்டியிருப்பதெல்லாம் இந்தக் கதிரை எண்ணிச் சொன்ன கணக்கு. கருநாகப்பள்ளியில் வீட்டு முற்றத்தில் நிற்பவரின் உடலுக்குள் புகும் வெளிக்கதிரில் பெரும் பங்கும் இந்தத் தோரியக் குடும்பத்திலிருந்து வருவதே. இன்னும் ஒன்று சொல்லலாம். இதே குடும்பத்தில் தாலியத்துக்கு இரண்டு படி முன்னால் இருக்கும் காரீயம்-212ஐ, 10 மணி நேரத்துக்குச் சற்று மேலான அரை ஆயுள் உடையதை, புற்றுக்கட்டியைத் தேடிப் போய் ஒட்டும் மூலக்கூறில் கட்டி நோயாளிகளுக்குச் செலுத்திச் சோதிக்கிறார்கள். அந்த மருந்துக் குப்பியைச் சுற்றித் தடித்த காப்பு ஏன் வேண்டும் என்றால், அங்கேயும் கடைசியில் தாலியம்-208 வந்துவிடுகிறது. இவ்வளவு தெரிந்த பிறகும் இந்தக் கதிரை நாங்கள் மில்லியனில் எத்தனை பங்கு தோரியம் என்று எழுதுகிறோம். மருத்துவர் மில்லிசீவெர்ட்டில் எழுதுகிறார். பொறியாளர் பெக்கரெலில் எழுதுகிறார். மூன்று அறிக்கைகளையும் ஒரே மேசையில் விரித்தால் ஒரே ஊரைப் பற்றியவை என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

மருத்துவத் துறைக்குத் தோரியத்தோடு கொண்ட உறவில் கசப்பான பழைய பாடம் ஒன்று உண்டு. 1930களில் தோரோட்ராஸ்ட் என்ற பெயரில் தோரியம் ஆக்சைடு நீர்மத்தை இரத்தக் குழாய்களில் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். மூளையின் குழாய்களைப் படமெடுத்த முன்னோடி எகாஸ் மோனிஸ் அதைப் பயன்படுத்தியவர்களில் ஒருவர். படம் தெளிவாக விழுந்தது. நோயாளிக்கு உடனே எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் உள்ளே போன தோரியம் வெளியே வரவில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிட்டது. பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து, சிலருக்கு முப்பது ஆண்டுகள் கழித்து, பலருக்குக் கல்லீரல் புற்று வந்தது. தோரியம் சிதையும் வேகம் அன்றைய இயற்பியல் நூல்களிலேயே இருந்தது. மருத்துவர்கள் கேட்டிருந்தால் இயற்பியலாளர்கள் சொல்லியிருப்பார்கள்.

கருநாகப்பள்ளி ஆய்வு இதற்கு நேர்மாறான நல்ல எடுத்துக்காட்டு. வெளிக்கதிரின் இடைநிலை அளவு ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கும் மேலாக இருக்கும் கடலோரப் பகுதி அது. சில இடங்களில் அதைப் போலப் பல மடங்கு. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் அங்கே 1990இலேயே புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய் உள்ளேயும் வெளியேயும் கதிரை அளந்தார்கள். அதோடு நிற்காமல், எந்த வயதினர், ஆணோ பெண்ணோ, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்பதையும் கணக்கெடுத்தார்கள். கடலுக்குப் போகும் ஆணும், வீட்டோடு இருக்கும் கிழவியும், பள்ளிக்குப் போகும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒரே அளவு கதிரை வாங்குவதில்லை. 2009இல் வெளிவந்த முடிவில் 69,958 பேரைப் பின்தொடர்ந்திருந்தார்கள். அவர்களில் 1,379 பேருக்குப் புற்றுநோய். காமா கதிர் ஏற ஏறப் புற்றுநோய் கூடியதற்கான அடையாளம் அதில் தென்படவில்லை.

இந்த முடிவை இரு தரப்பாரும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் கருத்து. மணல் எடுக்க வேண்டும் என்போர், பார்த்தீர்களா, ஆபத்தே இல்லை என்கிறார்கள். எடுக்கக் கூடாது என்போர், ஆய்வே பொய் என்கிறார்கள். ஆய்வு சொன்னது வீட்டிலும் முற்றத்திலும் வெளியிலிருந்து படும் காமா கதிரைப் பற்றி. மணலைத் தோண்டி, உலர்த்தி, பிரித்து, தூசி பறக்கும் இடத்தில் மூச்சோடு உள்ளே போகிற துகளைப் பற்றி அது பேசவில்லை. தோரியக் குடும்பத்தில் தோரான் என்ற வாயு உண்டு. அரை ஆயுள் 56 நொடி. தரையிலிருந்து எழுந்து நெடுந்தூரம் போவதற்குள் அழிந்துவிடும். ஆகவே மண்தரையில் பாய் விரித்துப் படுப்பவருக்கும் கட்டிலில் படுப்பவருக்கும் கணக்கு வேறாகலாம். இதை அளக்க நிலவியலாளரின் மண் அறிவும், பொறியாளரின் கருவியும், மருத்துவரின் பதிவேடும் ஒன்றாக வேண்டும்.

கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் மணல் எடுக்கும் திட்டம் பற்றி இந்த மாவட்டத்தில் எழுந்த எதிர்ப்பை நீங்கள் அறிவீர்கள். அதில் யார் பக்கம் நிற்பது என்று இந்த மேடையிலிருந்து நான் சொல்லப்போவதில்லை. முன்வரிசையில் இருக்கும் அந்த ஊர்க்காரர்கள் நம்மிடம் கேட்பது வேறு: எங்கள் ஊரில் இன்றைக்குக் கதிர் எவ்வளவு, தோண்டிய பிறகு எவ்வளவு இருக்கும், அதைக் கணக்கெடுத்து வைப்பது யார்? முதல் கேள்விக்கு எங்கள் வரைபடத்தில் பாதி விடை இருக்கிறது. இரண்டாவதற்குப் பொறியாளர்கள் வரைவுகளில் விடை இருக்க வேண்டும். மூன்றாவதற்கு, தோண்டுவதற்கு முன்பே கருநாகப்பள்ளியைப் போல ஒரு பதிவேடு இந்தக் கரையில் தொடங்கினால்தான் பின்னால் யாரும் பதில் சொல்ல முடியும். தோண்டிய பிறகு தொடங்கும் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய நிலை என்று ஒன்று இருக்காது.

ஆகவே மாநாட்டுக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். நாளை பிற்பகல் மூன்று அரங்குகளையும் மூடிவிட்டு, இந்த அவையிலேயே எல்லோரும் அமர்வோம். மணவாளக்குறிச்சி முதல் கொல்லங்கோடு வரையுள்ள கரைக்கு, மூன்று துறையும் ஒரே அலகில் பதியும் அளவீட்டுப் படிவம் ஒன்றை வரைவோம். வீட்டின் தரை மண்ணா, சிமென்டா, கட்டிலா, பாயா என்ற கேள்வியும் அதில் இருக்கட்டும். அதை எப்படிக் கேட்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லித் தரட்டும். வரைவு முடிந்தால் மாலையிலேயே அவர்கள் கையில் ஒரு படி கொடுத்துவிடலாம். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.