வாசற்படிக்கு உள்ளே வரும் புகை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்த பின் சிறிது நேரம் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்தார்கள். தொழுகையைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்திருப்பது பீடியைப் பற்றி. தேநீருக்காக வெளியே சென்று திரும்பிய சிலர் இப்போது சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக் கொள்வதைக் காண்கிறேன். அஞ்ச வேண்டாம், எவர் பெயரையும் சொல்லப் போவதில்லை.

என் குடும்பத்திலிருந்தே தொடங்குகிறேன். என் அத்தா நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி குடிப்பவர்கள். இரண்டே அறைகள் கொண்ட ஓட்டு வீடு. மழைக்காலத்தில் சன்னலையும் சாத்திவிடுவோம். இஷா தொழுதுவிட்டு வந்து, கட்டிலில் அமர்ந்து அவர்கள் பற்ற வைக்கும்போது, கீழே பாயில் அம்மாவும் நாங்களும் படுத்திருப்போம். நான் வேலூரில் ஓதிக் கொண்டிருந்தபோது அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்று கடிதம் வந்தது. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "வீட்டில் யார் புகைப்பது?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்த அத்தா தலையைக் குனிந்து கொண்டார்கள். விறகடுப்பும் ஒரு காரணம் என்று மருத்துவர் நியாயமாகச் சொன்னார். ஆனால் அடுப்பு அணைந்த பிறகும் அணையாத புகை எங்கள் வீட்டில் இருந்தது. வீட்டிற்குள் புகைப்பதை அத்தா அன்றோடு நிறுத்தினார்கள். பீடியை அடியோடு விட மேலும் மூன்று ஆண்டுகள் பிடித்தன. அம்மாவின் மூச்சு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

இது ஒரு வீட்டின் கதையன்று. ஜப்பான் நாட்டில் ஹிராயாமா என்னும் ஆய்வாளர், புகைக்காத மனைவியர் 91,540 பேரை 14 ஆண்டுகள் கவனித்து, 1981ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டார். மிகுதியாகப் புகைக்கும் கணவர்களின் மனைவியருக்கு, புகைக்காதவர்களின் மனைவியரைவிட நுரையீரல் புற்றுநோய் ஏறக்குறைய இரு மடங்கு கண்டிருந்தது. அந்தப் பெண்கள் ஒரு சிகரெட்டையும் வாயில் வைத்தவர்கள் அல்லர். புகையிலை நிறுவனங்கள் அந்த ஆய்வைக் குறை கூறின. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதே திசையையே காட்டின. 2006ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை, பிறர் விடும் புகையில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என அறுதியிட்டுச் சொன்னது.

காரணத்தையும் அறிந்து கொள்ளுங்கள். புகைப்பவர் உறிஞ்சி வெளியே விடும் புகை ஒன்று. இழுக்காத நேரத்தில் பீடியின் நுனியிலிருந்து தானே எழும் புகை மற்றொன்று. அறையில் நிறைவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரிவதால் இதில் நச்சு கூடுதல். புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோய் உண்டாக்குபவை. சன்னலைத் திறந்து வைத்தாலும் மின்விசிறியைச் சுழல விட்டாலும் அது முற்றிலும் வெளியேறிவிடுவதில்லை. குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். எனவே அவர்கள் உடலில் அது கூடுதலாகச் சேருகிறது. காதில் சீழ், ஆஸ்துமா, நெஞ்சுச் சளி, தொட்டிலில் திடீர் மரணம் என அதன் விளைவுகள் நீளும். கருவுற்ற பெண் சுவாசித்தால் பிறக்கும் பிள்ளையின் எடை குறைகிறது. பீடியில் தூள் குறைவுதானே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். அணைந்துவிடாதிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால், சிகரெட்டைவிடக் குறையாத தீங்கு அதில் உண்டு.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். உண்டு. தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதியரசர் ஏ.ஆர்.இலட்சுமணன் இடம்பெற்ற கேரள உயர் நீதிமன்ற அமர்வு, 1999ஆம் ஆண்டு பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. 2003ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் வந்தது. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது 2008 அக்டோபர் 2 முதல் அதன் விதிகள் கடுமையாயின. பேருந்திலும் அலுவலகத்திலும் உணவகத்திலும் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். ஆனால் இந்தச் சட்டம் நம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. 2016-17இல் இந்திய அரசு நடத்திய கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 100க்கு ஏறக்குறைய 39 பேர் தம் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிப்பதாகத் தெரிய வந்தது. பேருந்தில் அறிமுகமில்லாத பயணிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, வீட்டில் நம் பேரப்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்தது ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டுக்குப் பின்னர்தான். எனவே முந்தைய ஃபிக்ஹு நூல்களில் அதற்கென்று தனிப் பாடம் கிடையாது. பிற்கால உலமாக்களில் மக்ரூஹ் என்றோரும் உண்டு, ஹராம் என்றோரும் உண்டு. "அதுதான் மக்ரூஹ்தானே, ஹஜ்ரத்!" என்று என்னிடமே வாதிட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தக் கருத்து வேறுபாடு புகைப்பவரின் சொந்த நுரையீரலைப் பற்றியது, சகோதரர்களே. பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்பதில் எந்த மத்ஹபிலும் இரு கருத்து இல்லை. பச்சை வெங்காயமும் பூண்டும் ஹலாலான உணவு. அவற்றைத் தின்ற வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு வெறும் வாடையால் ஏற்படும் சங்கடத்திற்கே அந்தத் தடை என்றால், மனைவி மக்களின் மூச்சுக்குழாயை அரிக்கும் புகையை எங்கே வைப்பது?

ரமளானில் ஸஹரிலிருந்து இஃப்தார் வரை பதின்மூன்று மணி நேரத்திற்கும் மேலாகப் புகைக்காமல் இருக்கிறீர்கள். ஆலை அரவைப் பருவத்தில் கரும்பு வெட்டிச் சுமக்கும் சகோதரர்கள்கூட நோன்போடு பொறுத்துக் கொள்வதை நான் கண்டிருக்கிறேன். பிறகு பேரீச்சம்பழத்தைக் கடித்த கையோடு மதிற்சுவருக்கு வெளியே நெருப்புப் பெட்டி உரசும் ஓசை கேட்கிறது! பதின்மூன்று மணி நேரம் முடிந்தவருக்கு, வீட்டிற்குள் இருக்கும் சில மணி நேரம் முடியாமற் போகாது.

ஒரே நாளில் விட்டுவிடுங்கள் என்று சொல்லி நான் போய்விட முடியாது. என் அத்தா மூன்றாண்டுகள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி எல்லாம் வரும். அவை நிக்கோட்டின் பழக்கத்தின் வேலை. 1800 11 2356 என்னும் கட்டணமில்லா எண்ணில் அரசின் ஆலோசனை கிடைக்கும். அதுவரை வீட்டிற்குள்ளும், பிள்ளைகள் ஏறும் காருக்குள்ளும் பற்ற வைப்பதில்லை என்று இன்றிரவே முடிவு செய்யுங்கள். தாய்மார்களே, வந்த விருந்தாளி பற்ற வைத்தால் சாம்பல் தட்டக் கிண்ணம் எடுத்து நீட்டாதீர்கள். வெளித் திண்ணையைக் காட்டுங்கள்; அது விருந்தோம்பலுக்குக் குறைவன்று.

நிர்வாகத்தினரிடம் ஒரே ஒரு கோரிக்கை. மவ்த்தான வீட்டின் முன் போடும் பந்தலில் ஜனாஸாவை எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் நம்மவர்கள் மிகுதியாகப் புகைக்கிறார்கள். இத்தா இருக்கும் பெண்ணின் சன்னலுக்குள் அந்தப் புகை போகிறது. இனி ஜமாஅத் அனுப்பும் நாற்காலிகளுடன், பந்தலில் புகைக்க வேண்டாம் என்று எழுதிய பலகை ஒன்றும் சேர்ந்து வரட்டும். பலகைக்கு ஆகும் செலவை நானே தருகிறேன்.