பசி இட்ட கையெழுத்து



"நானா அவனை வற்புறுத்தினேன்? இந்தக் கூலிக்குச் சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தான்!" முதலாளி உலகம் நெடுங்காலமாக முழங்கிவரும் வாதம் இது. இதற்கு விடை தேடி இன்று உங்களை நான் அழைத்துச் செல்லவிருப்பது மார்க்சின் மேசைக்கு அன்று, ரோமாபுரிக்கு! பகுத்தறிவு பேசும் இவன் போப்பாண்டவரின் புகழ்பாட வந்தானோ எனப் புருவம் நெரிக்காதீர்கள். எங்கிருந்து ஒலித்தாலும் நியாயம், நியாயமே!

முதற் காட்சி, இலண்டன் துறைமுகம். ஆண்டு 1889. வாயிலில் முண்டியடிக்கும் பெருங்கூட்டம். மேற்பார்வையாளன் விரல் சுட்டியவனுக்கு வேலை, மற்றவனுக்குப் பட்டினி. கூலியோ மணிக்கு 5 பென்ஸ். "6 பென்ஸ் கொடு! அழைத்தால் 4 மணி நேரமாவது வேலை கொடு!" என்று ஆகஸ்டு திங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கடல் கடந்து ஆஸ்திரேலியத் தொழிலாளர் நிதி அனுப்பினர். 81 வயது முதியவர், கத்தோலிக்கக் கர்தினால் மானிங், இரு தரப்பாருக்கும் இடையே நின்று சமரசம் பேசினார். ஏறத்தாழ ஐந்து வாரப் போராட்டத்தின் முடிவில், அந்த ஆறாவது பென்னி தொழிலாளியின் கைக்கு வந்தது!

இரண்டாம் காட்சி, ரோமாபுரி. 1891 மே 15. போப் பதின்மூன்றாம் லியோ, 'ரேரும் நோவாரும்' எனும் சுற்றுமடலை வெளியிடுகிறார். அவர் நம்மவர் அல்லர். தனிச்சொத்துரிமையை ஆதரித்தவர், சோஷலிசத்தை மறுத்தவர். அத்தகையவரே அறைந்து சொன்னார்: ஒப்பந்தத்துக்கு மேலான இயற்கை நீதி ஒன்றுண்டு; சிக்கனமாக வாழும் தொழிலாளியின் வாழ்வுக்குப் போதாத கூலி அநீதி; வேறு வழியின்றி, இதனினும் கொடிய துன்பத்துக்கு அஞ்சி அவன் அதற்கு இசைந்தால், அவன் வன்முறைக்கு இரையானவனே!

1931இல் பதினோராம் பயஸ், கூலி தொழிலாளியோடு அவன் குடும்பத்தையும் காக்கவேண்டும் என்றார். 1937இல் அவரே இன்னும் கூர்மையாகச் சொன்னார்: நீதிப்படி தரவேண்டியதைப் பிச்சையாக இடாதே! கூலியைக் குறைத்துவிட்டுக் கொடைவள்ளல் வேடம் புனைவோர் செவிகளில் விழட்டும் இச்சொல்.

"அது மதவாதி பேச்சு, சட்டமா?" என்பீரோ? 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வறுமையின் நெருக்குதலால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகப் பெற்று உழைப்பது, அரசியலமைப்பு தடைசெய்த கட்டாய உழைப்பே! வழி வேறு, நூல் வேறு. வந்து சேர்ந்த இடம் ஒன்று.

ஆகவே தோழர்களே, நியாயக் கூலி முதலாளியின் கருணையன்று. அவர் பட்ட கடன். நாளை ஆலை வாயிலில், "அவன் சம்மதித்தான்" என்று எவரேனும் ஒப்பந்தத் தாளை நீட்டினால், அதை வாங்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு அமைதியாகக் கேளுங்கள்:

கையெழுத்திட்டது அவனா, அவன் பசியா?