தட்டு உடைக்க எந்தத் துவக்கு?

பூனாகலை, கொஸ்லாந்தை, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் துவக்கு என்றதும் நினைவுக்கு வருவது மரக்கறிப் பாத்தியைக் கிளறும் காட்டுப்பன்றி. அடுத்தது, பற்றைக்குள் மறைத்துவைத்த கட்டுத்துவக்கில் கால் சிதைந்த மனிதர்கள். அப்படிப்பட்ட ஊரில் துவக்கை விளையாட்டுப் பொருளாகப் பேசினால் சிலருக்கு நெருடும். அந்த நெருடல் நியாயமானது. ஆனாலும் பறக்கும் தட்டைச் சுடுவது ஒலிம்பிக் விளையாட்டு. அதில் உயிர் எதுவும் போவதில்லை. தாரும் சுண்ணாம்புத் தூளும் கலந்து வார்த்த 105 கிராம் தட்டு ஒன்று, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சீறிக் கிளம்பும். அதை நொறுக்க வேண்டும், அவ்வளவுதான். 2023 ஒக்டோபர் 1ஆம் திகதி, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், பறக்கும் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் இந்திய ஆண்கள் அணி தங்கம் வென்றது. அந்த மூவரில் ஒருவர் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். நம்மில் எத்தனையோ பேரின் பாட்டன் பூட்டன் கப்பலேறியதும் அந்தச் சீமையிலிருந்துதான். இந்த விளையாட்டில் ஆர்வம் கொண்ட இளையவர் ஒருவர், கையில் உள்ள காசுக்கு எந்தத் துவக்கை வாங்குவது என்று கேட்டால் என்ன சொல்லலாம்? புதிதாக வரும் மலிவுத் துவக்கைவிட, பெயர்பெற்ற பட்டறையில் செய்த பழைய துவக்கே இலாபம். அதிலும் சுடுபவரின் உடம்புக்குப் பொருந்துவதே முதல் தகுதி.

குழல்கள் மேலும் கீழுமாக அமைந்த துவக்குதான் வேண்டுமா, வீட்டிலுள்ள ஒற்றைக்குழல் போதாதா என்று கேட்பார்கள். டிராப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு வெடி வைக்கலாம். முதல் வெடி தவறினால், தட்டு தொலைவுக்குப் போவதற்குள் இரண்டாவது வெடி. அதனால்தான் முதலில் வெடிக்கும் குழலின் வாயைச் சற்று அகலமாகவும் மற்றதை இறுக்கமாகவும் அமைக்கிறார்கள். குழல்கள் பக்கம் பக்கமாக உள்ள துவக்கும் இரண்டு வெடி தரும். ஆனால் குறிபார்க்கும் கண்ணுக்கு முன்னால் அகலமாக மறைத்து நிற்கும். தானியங்கித் துவக்கு விலை குறைவு, உதைப்பும் குறைவு. ஆனால் வெற்றுத் தோட்டாவைப் பக்கத்தில் நிற்பவர் மேல் வீசும். மேல்கீழ்க் குழல் துவக்கை மடித்துவிட்டால், தோட்டா இல்லை என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். பல பேர் வரிசையாக நிற்கும் சுடுதளத்தில் இது சின்ன விடயம் இல்லை.

விலைச்சீட்டைப் பார்த்துத் துவக்கை எடைபோடுவதுதான் பெரிய தவறு. ஒரு சுற்றுக்கு 25 தட்டு. வாரம் நான்கு சுற்று சுட்டாலே ஆண்டுக்கு 5,000 தட்டைத் தாண்டும். இரண்டாவது வெடிகளையும் சேர்த்தால் தோட்டா இன்னும் கூடும். சில ஆண்டுகளிலேயே தோட்டாச் செலவு துவக்கின் விலையை விழுங்கிவிடும். இந்த உழைப்பை வேட்டைக்கென்று இலேசாகச் செய்த மலிவுத் துவக்கு தாங்காது. மூன்று கிலோவுக்கும் குறைந்த துவக்கு தோளை அதிகமாக உதைக்கும். உதைப்புக்குப் பயந்த கண் விசையை இழுக்கும் நொடியிலேயே மூடிக்கொள்ளும். தட்டுச் சுடுதலுக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடையும் 30 அங்குலக் குழலும் கொண்ட 12 போர் துவக்கே ஏற்றது. ஜப்பானின் கொச்சி மாகாணத்தில் மிரோக்கு தொழிற்சாலை பிரவுனிங் பெயரில் செய்யும் துவக்குகளும், இத்தாலியின் பெரெட்டா துவக்குகளும் கைமாறிக் கைமாறிப் பல ஆண்டுகள் உழைப்பவை. திரும்ப விற்றாலும் போட்ட பணத்தில் பெரும்பகுதி கைக்கு வரும்.

பழையதை நம்பி வாங்கலாமா என்பது நியாயமான கேள்வி. முதலில் உள்ளே தோட்டா இல்லையா என்று மடித்துப் பாருங்கள். பிறகு முன்கட்டையைக் கழற்றி, மூடிப் பிடித்து, குழலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கடகடத்தால் அந்தத் துவக்கை விட்டுவிடுங்கள். மூடியபின் மேலே உள்ள நெம்பு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். நடுவுக்கு வலப்புறம் நின்றால் பூட்டில் இன்னும் ஆயுள் இருக்கிறது. இடப்புறம் போய்விட்டால் பூட்டு தேய்ந்துவிட்டது. குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், உள்ளே வளையமாகத் தெரியும் நிழல் வீக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். கடைசிச் சோதனை சுடுதளத்தில். முப்பத்தைந்து மீட்டர் தள்ளி ஒரு தாளைக் கட்டி, இரண்டு குழலாலும் ஒரே புள்ளியைச் சுட வேண்டும். இரண்டு இரவைக் கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழாத துவக்கை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

இத்தனையிலும் தேறிய துவக்கு உடம்புக்குப் பொருந்தாவிட்டால் பயனில்லை. கொழுந்துக் கூடையின் கயிற்றை ஆளுக்கு ஆள் உயரம் பார்த்துக் கட்டிக்கொள்வது போலத்தான் இதுவும். இந்தத் துவக்குகளின் பின்கட்டை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க ஆட்களின் அளவுக்குச் செதுக்கப்படுகிறது. நம்மில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது நீளம். கண்ணை மூடித் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறவுங்கள். பார்வை குழலின் மேல்பட்டை வழியே நேராக ஓட வேண்டும். ஓடாவிட்டால் கட்டையைக் குறைக்கலாம், கன்னம் பதியும் இடத்தை உயர்த்தலாம். துவக்கு வேலை தெரிந்தவர் செய்யும் இந்தத் திருத்தத்துக்கு ஆகும் செலவு, சித்திரம் வெட்டிய வெள்ளித் தகட்டுக்குக் கொடுக்கும் பணத்தைவிடப் பல மடங்கு பலன் தரும்.

இது ராஜாக்களின் விளையாட்டு, தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு என்ற பேச்சும் உண்டு. 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வென்ற கர்ணி சிங் பிக்கானேர் மகாராஜா. தொண்டைமானும் அரச குடும்பத்தவர்தான். ஆனால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் டபுள் டிராப் வெள்ளியைக் கொண்டுவந்த ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இராணுவ அதிகாரி. நம் நாடான இலங்கையிலும் இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றில் சுடுதல் அணிகள் உண்டு. சொந்தத் துவக்கு இல்லாதவருக்கு அது ஒரு வாசல். ஒரே துவக்கைப் பலர் பகிர்ந்து பழகும் கழகம் இன்னொரு வாசல். மலையகத்தில் அப்படி ஒன்று அமைய வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய பத்திரத்தைக் காட்டி விளையாட முடியாது. ஆகவே முற்பணம் கொடுக்கும் முன்பே மாவட்டச் செயலகத்தில் விசாரியுங்கள். அங்கே கிடைக்கும் பதிலைக் கேட்டபிறகு துவக்கைத் தேடுங்கள்.