பறிபோன பதக்கமும் பறிக்கவியலாத கல்வியும்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் வென்றவர்களைப் போற்றுவது மரபு. வென்ற பின்னும் வெற்றி பறிக்கப்பட்ட ஒரு சகோதரியைப் பற்றிப் பேச நான் விழைகின்றேன். அவர் சாந்தி சௌந்தரராஜன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கற் சூளையில் உழைத்த தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். சூளையின் வெம்மை எத்தகையது என்பதைப் பொள்ளாச்சி வட்டாரத்தார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் தொலைவை 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். அதன்பின் பாலினச் சோதனை நடந்தது. தேறவில்லை என்றனர்; பதக்கத்தைப் பறித்தனர். தமிழக அரசு அப்போதும் 15 லட்சம் ரூபாய் பரிசளித்தது. எனினும் உலகறியப் பட்ட அவமானம் ஆறவில்லை. 2007இல் உயிர் துறக்கவும் முயன்று மீண்டார். 2012இல் மீண்டும் சூளையில் கூலி வேலை!

அவர் செய்த குற்றம்தான் என்ன? மருந்துண்டு ஓடினாரா? இல்லை. பெண்ணாகவே வளர்ந்தார்; பெண்ணாகவே ஓடினார். குரோமோசோமும் ஹார்மோனும் எல்லோர்க்கும் ஒரே அளவில் அமைவதில்லை. இயற்கையின் வேறுபாடு வஞ்சகமாகாது.

ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்து டூட்டி சந்த் அவர்களையும் 2014இல் ஹார்மோன் விதி தடுத்தது. அவர் விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடினார். 2015இல் அவ்விதி நிறுத்தி வைக்கப்பட்டது. 2018இல் ஜகார்த்தாவில் இரு வெள்ளிப் பதக்கங்கள் வென்றார். ஒருபாலுறவு குற்றமன்று என அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாம் ஒரு பெண்ணை நேசிப்பதாக 2019இல் அவர் வெளிப்படையாக அறிவித்தார். சாந்தியின் வழக்கு உடலைப் பற்றியது. இது அன்பைப் பற்றியதுமாகும். இரண்டிலும் கேள்வி ஒன்றே: ஒருவர் யார் என்பதை அவர் சொல்வதா, வாயிற்காவலர் சொல்வதா?

இடைபாலினக் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவை செய்வதை 2019இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தடுத்தது. தமிழக அரசும் ஆணையிட்டது. ஆனால் 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு, மகளிர் பிரிவினர்க்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. போராட்டம் முடியவில்லை.

தோழர்களே! வாயிலில் நிறுத்தி "நீ யார்?" என்று கேட்கப்படும் வலியை நாம் அறிவோம். தேநீர்க் கடையில் தனிக்குவளை கண்டவர்கள் நாம். அந்த நாமே, நம் வீட்டில் நடையாலோ உடலாலோ அன்பாலோ வேறுபட்டு நிற்கும் பிள்ளையை ஏளனம் செய்தால், பிறரை நோக்கி நீதி கேட்க நமக்கு என்ன உரிமை உண்டு? அப்பிள்ளை பள்ளியை விட்டு ஓடினால் அதற்கு நாமும் பொறுப்பல்லவா?

சாந்தி சூளையிலேயே நின்றுவிடவில்லை. பெங்களூரில் பயின்று 2013இல் பயிற்சியாளர் பட்டயம் பெற்றார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிலையான பயிற்சியாளரானார். பதக்கம் திரும்பவில்லை, கற்ற கல்வியை எவராலும் பறிக்க இயலவில்லை. அக்கல்வியின் கதவை எந்தப் பிள்ளைக்கும் அடையோம் என இவ்விழா நாளில் உறுதி கொள்வோமாக!