அருவியை ஜிஃப் ஆக்கினா ஏன் கனக்குது?

கல்வராயன் மலை மேகம் அருவியில எடுத்த ஐந்து நொடி வீடியோவை ஜிஃப் ஆக்கினேன். வீடியோவை விடப் பல மடங்கு பெருசாயிடுச்சு! மலையில கிடைச்ச சிக்னலுக்கு அது நகரவே இல்லை. கள்ளக்குறிச்சி வந்துதான் அனுப்ப முடிஞ்சது.

ஜிஃப் பழைய சரக்கு. 1987-ல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் குழு உருவாக்கியது. ஒரு பிரேமுக்கு 256 நிறம்தான். அசையாத பகுதியைத் திரும்பச் சேமிக்க வேண்டியதில்லை. வடிவேலு முகம் மட்டும் அசையுற காட்சி லேசா இருக்கிறது அதனாலதான். அருவியில பிரேமுக்குப் பிரேம் தண்ணி மாறிக்கிட்டே இருக்கும். சுருக்குறதுக்கு இடமே கொடுக்காது.

அப்போ வெட்டணும். நொடிக்கு 30 பிரேம்னா ஐந்து நொடிக்கு 150 படம். ரெண்டு நொடி, நொடிக்கு 10 பிரேம்னு வச்சா வெறும் 20. அகலத்தை 320 பிக்சலாக்குங்க. எடுக்கும்போதே போனை எங்கயாவது ஊன்றி வைங்க. கை ஆடினா பாறையும் சேர்ந்து மாறும், கோப்பு மறுபடி ஊதிடும். அருவிக்குத் தொடக்கம், முடிவு தெரியாது. அந்த ரெண்டு நொடியே ஓயாம கொட்டுற மாதிரி இருக்கும்.

ஜிஃப்ல ஒலி கிடையாது. அருவிச் சத்தமும் வேணும்னா, வீடியோவாவே அனுப்புங்க.