நம்ம தெரு குரூப்பும் நம்ம சங்கமும்

(பத்மநாபபுரம் பகுதியைச் சேர்ந்த குழு ஊக்குநர் ஒருவர், கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் வங்கிக் கடனைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தின கூட்டத்தில் ரத்தசோகை. இந்த மாதம் என்னை வாட்ஸ்அப் குரூப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "அதுல பேசுறதுக்கு என்ன இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றேன். தலைவி அக்கா சொன்னாங்க, "அதுல அடிபட்டவ நீதான். நீ பேசினாத்தான் சரியா இருக்கும்." அந்த அடி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சிரித்துக்கொள்வோம்.

எங்கள் தெரு குரூப்பில் எண்பதுக்கு மேல் ஆள் உண்டு. குழாயில் தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும் என்று தெரிந்துகொள்வதற்காகத் தொடங்கியது. இப்போது தண்ணீரைத் தவிர மற்ற எல்லாம் அதில் வருகிறது. விடியற்காலை நாலரைக்கே ஒரு அண்ணாச்சி ரோஜாப்பூ படம் போட்டு ‘காலை வணக்கம்’ சொல்வார். உடனே இருபது பேர் பதில் வணக்கம். நம்ம வீட்டுக்காரர் எழுந்து ஒரு வார்த்தை பேசும் முன்னால் இருபது பேர் நமக்கு வணக்கம் சொல்லியாச்சு. அந்த இருபது வணக்கத்துக்கு அடியிலே, ‘இன்னைக்குத் தண்ணி வராது’ என்கிற ஒரே ஒரு முக்கியமான செய்தி புதைந்து கிடக்கும். குடத்தோடு குழாயடியில் நின்ற பிறகுதான் அது தெரியும்.

வருஷா வருஷம் நவராத்திரிக்கு நம்ம பத்மநாபபுரம் அரண்மனையில் இருந்து சரஸ்வதி அம்மன் யானை மேல் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவதும், குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் கூடப் போவதும் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் குரூப்பில் ஒரே யானைக்கு நாற்பது போட்டோ வந்தது. தும்பிக்கைப் பக்கம் எடுத்தது, வால் பக்கம் எடுத்தது, சொந்தக் கட்டைவிரலையும் சேர்த்து எடுத்தது! என் போன் நிறைந்து, மறுநாள் அக்கா பேரனின் பிறந்தநாளைப் படம் எடுக்க இடம் இல்லை.

பிறகு இந்த இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதுகிற கூத்து. ஒரு நாள் சாயங்காலம் ஒரு பையன், பாட்டியைக் காணவில்லை, யாராவது பார்த்தீர்களா என்று இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருக்கிறான். ‘பாட்டி’ என்றாலும் ‘பட்டி’ என்றாலும் இங்கிலீஷில் அவன் எழுதுவது ஒரே எழுத்துதான். நம்ம பக்கம் பட்டி என்றால் நாய் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியது இல்லை. பதில் வரத் தொடங்கியது. "கழுத்துல பெல்ட் உண்டா?" "பிஸ்கட்டை காட்டிக் கூப்பிடு, வந்துரும்." "வெறிநாய் ஊசி போட்டாச்சா?" பையன் அழாத குறை. பாட்டியோ மூணாவது வீட்டில் சாயா குடித்துக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டு இருந்தாங்க. விஷயம் தெரிந்ததும் கேட்டாங்களே ஒரு கேள்வி: "எனக்கு ஊசி போட்டாச்சான்னு கேட்டவன் எவன்? அவனை இங்க வரச்சொல்லு!"

சிரிப்பு இருக்கட்டும். இந்தக் குரூப்பால் பிரயோஜனம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021 நவம்பரில் நம்ம மாவட்டம் முழுவதும் வெள்ளம் வந்தபோது, எந்த ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, எந்த வழியாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எங்களுக்குச் சொன்னது குரூப்தான். ஆனால் 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்ததே, அப்போது மரமும் மின்கம்பமும் சாய்ந்து நாட்கணக்கில் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை, குரூப்பும் இல்லை. அப்போது வீடு வீடாக நடந்து போய், "அக்கா, சோறு இருக்கா, கூரை இருக்கா" என்று கேட்டது நம்ம சங்கப் பெண்கள்தான். ஆகவே குரூப் என்பது ஒரு கருவி. அக்கம்பக்கம் என்பது நாமதான். கருவி நம்மை ஆட்டிவைக்க விடக்கூடாது.

வதந்தி என்பது போன் வந்த பிறகு வந்தது அல்ல. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவியது மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு நம்ம கையில் செல்போன் ஏது? இப்போது அதே வேலை ஒரு நிமிடத்தில் நடந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று ஒரு புரளி கிளம்பியதே, அதை நம்பி எங்கள் குழுவிலேயே தப்புச் செய்தோம். பால் விற்ற பணத்தைக் காசாகச் சேர்த்து முந்தியில் முடிந்து கொண்டுவந்த ஒரு அம்மாவிடம், "இதை வங்கியில எடுக்கமாட்டாங்களாம், நோட்டா கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினோம். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பத்து ரூபாய்க் காசு 14 வடிவங்களில் வந்திருக்கிறது, 14-ம் செல்லும் என்று தெளிவாக அறிவித்தது. அந்த அம்மா வேகாத வெயிலில் திரும்பிப் போனதுதான் மிச்சம்.

இதையாவது காசு விஷயம் என்று விடலாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்தது நெஞ்சை உலுக்குவது. பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப்பில் படமும் பேச்சுமாகப் பரவிக்கொண்டு இருந்தது. குலதெய்வம் கோவிலுக்காக ஒரு குடும்பம் காரில் வந்தது. வழி கேட்க நிறுத்திய இடத்தில், அங்கே நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அது போதுமாக இருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் 65 வயதான ஒரு அம்மா இறந்துபோனார். நாமளும் கோவிலுக்குப் போகிற வழியில் பிள்ளைகளைக் கண்டால் மிட்டாய் கொடுக்கிறவர்கள்தானே? அடித்தவர்கள் மட்டுமா குற்றவாளி? "எதுக்கும் எல்லாருக்கும் தெரியட்டும்" என்று அந்தப் பொய்யைத் தள்ளிவிட்ட ஒவ்வொரு விரலுக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் இப்படி நடந்த பிறகுதான், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பல கை மாறி வந்த செய்தி என்றால் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கும். அதை 2020 ஏப்ரலில் இருந்து ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்ப முடியும். இரட்டை அம்பைக் கண்டால், ‘இதை எழுதினவர் யார் என்று அனுப்பினவருக்கே தெரியாது’ என்று அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள். "நான் எழுதல்லியே, வந்ததை அனுப்பினேன்" என்று தப்பவும் முடியாது. பிறர் எழுதியதை அனுப்புவது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று 2018 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

பொய்யால்தான் கேடு, உண்மை என்றால் பரவாயில்லை என்று நினைத்தேன் நான். இனி நான் பட்ட அடியைச் சொல்கிறேன். பட்டது நான் அல்ல, என்னால் இன்னொருத்தி பட்டாள் என்பதுதான் சரி.

எங்கள் குழுவில் பதினாறு பேர். எங்களுக்கென்று தனியாக ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் உண்டு. ஒரு மாதம் கடன் தவணை கட்டாத மூன்று பேர் பெயரையும், பாக்கித் தொகையையும் எழுதி, "நாளைக்குள் கட்டவும்" என்று இரவு ஒன்பதரை மணிக்கு அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் அது சங்க குரூப்பில் இல்லை. தெரு குரூப்பில் கிடக்கிறது! எல்லோருக்கும் அழிக்கிற வசதி இருக்கிறதே என்று பதறிப்போய் அழித்தேன். அதற்குள் முப்பது பேருக்கு மேல் பார்த்தாச்சு. ஒருத்தர் அதற்கு அடியில் கட்டைவிரல் படம் வேறு போட்டிருந்தார்.

அந்த மூன்று பேரில் ஒரு அக்கா அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் வரவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு வாரம் சேமிப்பு தவறாதவங்க. தொடர்ந்து மழை பெய்ததால் வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு இல்லை, அதனால் அந்த மாதம் முடியாமல் போயிருக்கிறது. நான் நேரில் போனேன். வாசலில் மரச்சீனிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டு இருந்தாங்க. உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலை நிமிராமலே சொன்னாங்க:

"தவணை கட்ட முடியல்லங்கறது உண்மைதான் பிள்ளே. அதை உங்க பதினஞ்சு பேரு முன்னால நானே எழும்பிச் சொல்லியிருப்பேன். மழைன்னு சொன்னா நீங்க கேப்பீங்க. ஆனா அது என் மருமகனுக்கு போன்ல ஏன் போச்சு?"

எனக்குப் பதில் இல்லை. "தப்பு என்னோடதுதான் அக்கா" என்றேன். அவங்க ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் என் தப்பை நானே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அந்த நோட்டைக் கொண்டுபோய் அவங்களிடம் காட்டினோம். அதற்கடுத்த கூட்டத்துக்கு வந்தாங்க. வழக்கமாக என் பக்கத்தில் இருக்கிறவங்க, அன்றைக்குக் கதவுப் பக்கமாக உட்கார்ந்தாங்க. இப்போது தவணை எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் கதவுப் பக்கம்தான் உட்காருகிறாங்க.

சகோதரிகளே, 1989-இல் தருமபுரியில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது செல்போன் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேசித்தான் வளர்ந்தோம். பணத்தைப் பற்றிய பேச்சு அந்த வட்டத்தை விட்டு வெளியே போகாது என்கிற நம்பிக்கையில்தான் ஏழைப் பெண் தன் கஷ்டத்தைச் சொன்னாள். ஒழுங்கான கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்கு நோட்டு என்று நம்ம சங்கத்துக்கு ஐந்து விதி உண்டு. போனில் இருக்கிற குழுவுக்கு விதி ஒன்றும் கிடையாது. ஆகவே எங்கள் குழுவில் அதற்கும் ஐந்து தீர்மானம் போட்டோம். உங்களுக்குப் பிடித்தால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. கடன், பாக்கி, நோய், குடும்பச் சண்டை, இவற்றை யார் பெயரோடும் எந்தக் குரூப்பிலும் போடுவதில்லை. பாக்கி என்றால் கூட்டத்தில் பேசுவோம், இல்லையென்றால் வீட்டுக்குப் போவோம். எதை அனுப்பினாலும் மேலே எந்தக் குரூப் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புவோம்.

இரண்டு. வந்த செய்தியைத் தள்ளிவிடும் முன்னால் மூன்று கேள்வி: யார் சொன்னது? எப்போது நடந்தது? எந்த ஊரில்? மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால் நம்ம போனோடு அது நிற்கட்டும்.

மூன்று. காலை ஏழு மணிக்கு முன்னும் இரவு ஒன்பது மணிக்குப் பின்னும் ஒன்றும் போடுவதில்லை. அவசரம் என்றால் போன் போட்டுப் பேசு. சண்டை என்றால் நேரில் வா. எழுத்தில் சாதாரணமாகச் சொன்னதும் கோபமாகத் தெரியும், நேரில் முகத்தைப் பார்த்தால் பாதிச் சண்டை தீரும். சண்டை முற்றினால், நடத்துகிறவர் மட்டும் எழுதும்படி குரூப்பை மாற்றி வைக்க வசதி உண்டு. ஒரு நாள் அப்படி வைத்தால் சூடு தணியும்.

நான்கு. பரிசு, மானியம், உடனடிக் கடன் என்று வருகிற இணைப்பைத் தொடுவதில்லை, தெரியாத செயலியை இறக்குவதில்லை. வங்கியில் இருந்து பேசுகிறேன் என்று யார் கேட்டாலும் ஓடிபி எண்ணைச் சொல்வதில்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஐந்து. குரூப்பில் கட்டைவிரல் படம் போட்டால் அது கையெழுத்து ஆகாது. தீர்மானம் என்றால் கூட்டத்தில், நோட்டில், கையெழுத்தோடுதான். எங்கள் பதினாறு பேரில் நாலு பேரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. குரூப்பில் போட்டோம் என்று சொல்லி அந்த நாலு பேரை விட்டுவிடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரி போய் வாயால் சொல்லவேண்டும். யார் யாருக்கு யார் சொல்வது என்பதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

இவ்வளவு பேசிவிட்டேன். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் இந்தக் கூட்டத்தின் போட்டோ எல்லாக் குரூப்பிலும் வரும் என்று எனக்குத் தெரியும். போடுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு போட்டோ போதும் மக்களே, நாற்பது வேண்டாம். நான் யானை இல்லை.